அடிக்குறிப்பு ஏழு

பாம்... பப்-பாஆம். கேட்டுதா? சந்தைப் பக்கமிருந்து வந்துதே, கடைசியில ஒரு இழுப்பு இழுத்து, சளி பிடிச்ச மாடு மாதிரி? ஓடாதீங்க சார். ஓடிப் பிரயோஜனம் இல்ல. நீங்க தேடுற அஞ்சு நாப்பது அதுதான். இப்பம் ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கும். சத்தத்தோட சரி, பஸ்ஸைப் பாக்கிற பாக்கியம் இன்னைக்கு உங்களுக்கு இல்ல.

உக்காருங்க. இருங்க, பெஞ்சு பூரா பனி, துடைச்சு விடுறேன். ம், இப்பம் உக்காருங்க. கையில ஃபைலு, வெள்ளைச் சட்டை, பாதித் தூக்கம். கோர்ட்டுதான? நினைச்சேன். வாய்தா எத்தனை மணிக்கு? பத்தரைக்கா? அப்பம் ஒண்ணும் குடி முழுகிடல. ஏழு அம்பதுல ஏறினாலும் ஒன்பதே முக்காலுக்கு ஜில்லாவுல இறங்கிடலாம். வக்கீல் அதுக்கும் பிந்தித்தான் வருவாரு.

என்னது? இந்த பஸ் ஸ்டாண்டுலன்னுதான் போட்டிருந்துச்சா? எங்க, போனைக் காட்டுங்க. அட, காட்டுங்க சார், பிடுங்கிட்டு ஓடமாட்டேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்க ஓட.

ஆமா. ஊர்விக்கி. கடம்பன்குளம் பேருந்து நிலையம். 'மாவட்டத் தலைநகர், 5.40, நடைமேடை 2.' சரியாத்தான போட்டிருக்கு. அந்த நாப்பதுக்குத் தலைமேல சின்னதா ஒரு ஏழு உக்காந்திருக்கு பாருங்க, நீலக் கலர்ல. தெரியலையா? எறும்பு சைஸ்ல இருக்கும். கண்ணாடியைப் போடுங்க. தொடுங்க அதை. விரல் பெருசா இருந்தா நாலு தடவை தொடணும். ஆங், போச்சா கீழ? படிங்க, சத்தமாப் படிங்க. 'செவ்வாய்க்கிழமைகளில் இப்பேருந்து நிலையத்தினுள் வருவதில்லை. ஆட்டுச்சந்தை வாயிலிலிருந்து புறப்படும்.'

எழுதியிருக்குல்ல? யாரும் மறைக்கல. செவ்வாக்கிழமை ஆட்டுச்சந்தை. விடியுமுன்ன லாரி லாரியா ஆடு வந்து இறங்கும். நம்ம ஸ்டாண்டுக்கு உள்ள வர்ற சந்து முழுக்க ஆடு. பஸ்ஸு எப்படி நுழையும்? அதனால சந்தை வாசல்லயே நின்னு ஆளை ஏத்திட்டுப் போயிரும். ஊர்க்காரனுக்கெல்லாம் தெரியும். வெளியூர்க்காரன் போனைப் பாத்து வருவான். பக்கத்துல நான் ஒருத்தன் ராத்திரி ஒன்பதுல இருந்து காலை ஏழு வரைக்கும் இந்த டூவீலர் ஸ்டாண்டுல உயிரோட உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்டா சொல்லமாட்டேனா? யாரு கேக்கறா.

திட்டணும்னா திட்டுங்க சார். அந்தப் பக்கத்தை அழகாக்கினது யாருன்னு நினைக்கிறீங்க? இந்தா, உங்க முன்னாலதான் நிக்கிறேன். பயனர் கோமதி.

சிரிக்காதீங்க. என் பேரு கோமதிநாயகம். பேரு கேக்கிற இடத்துல பாதி அடிக்கிறதுக்குள்ள விரல் தட்டி 'பதிவு செய்'ங்கறதுல பட்டுருச்சு. அதுல இருந்து நான் கோமதி. எல்லாரும் சகோதரிங்கறாங்க. ஒருத்தன் சேலை போட்டோ எல்லாம் அனுப்பி, எது நல்லாருக்கு அக்கான்னு கேட்டான். மயில்கழுத்துக் கலரைச் சொன்னேன். நல்ல கலருதான?

நான் பத்தாம் கிளாஸ் ஃபெயில். கணக்குல. ஆனா விக்கியில எப்படி எழுதணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல, நானாத்தான் படிச்சேன். ராத்திரி பன்னெண்டுக்கு மேல இங்க என்ன இருக்கும்? நூத்திச்சொச்சம் வண்டி, நாலு நாயி, நான். தூங்கவும் முடியாது, ஒரு இடத்துல உக்காரவும் எனக்கு வராது. வண்டிகளுக்கு நடுவுல நடப்பேன். ஹேண்டில் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி இருக்கான்னு பாப்பேன். இல்லைன்னா திருப்பி வைப்பேன். அதுவும் முடிஞ்சா போன். சமன் குறி ரெண்டு ரெண்டாப் போட்டா தலைப்பு. மூணு போட்டா உள்தலைப்பு. நட்சத்திரம் போட்டா புள்ளி. வளைவு அடைப்புக்குறியும் நெட்டுக்கோடும் சேத்துப் போட்டா அட்டவணை பிறக்கும் சார். அந்த மொத அட்டவணை இந்தக் கட்டைவிரல்ல பிறந்த அன்னைக்கு என் மக பிறந்த நாள் மாதிரி இருந்துச்சு. ஆனா மக பிறந்தப்ப நான் டியூட்டியில இருந்தேன்.

ஊர்விக்கின்னா பெரிய விக்கி இல்ல. நம்ம ஊர்க்காரப் பையன் ஒருத்தன் எங்கேயோ வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலையில இருந்துக்கிட்டு, ஊர் ஞாபகம் வந்தப்ப ஆரம்பிச்சது. நம்ம பக்கத்து ஊருங்க, குளம், கோயில், ரைஸ்மில் எல்லாம் இருக்கும். யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம். அவன்தான் நிர்வாகி. மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாப்பான்.

போன மழைக்காலம். அப்பத்தான் இந்தப் பக்கம் என் கண்ணுல பட்டுச்சு. எப்படி இருந்துச்சுங்கறீங்க? ஐயையோ. தலைப்பு கிடையாது. வரிசை கிடையாது. சாந்தரம் பஸ்ஸு காலை பஸ்ஸுக்கு மேல இருக்கு. எழுதின விதத்தைக் கேளுங்க, எனக்கு மனப்பாடம்:

'5.40 ஜில்லா பஸ். டயாலிசிஸ் போறவங்க இதைத்தான் பிடிக்கணும். டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு குலுங்காது, அதைக் கேட்டு வாங்குங்க.'

'6.45 மேலப்பாறை. கண்டக்டர் நல்ல மனுசன். கை காட்டினா நிப்பாட்டுவார்.'

'9.15 நம்பாதீங்க.'

அவ்வளவுதான் சார். ஒன்பதே காலு, நம்பாதீங்க. எங்க போற ஒன்பதே காலு? ஏன் நம்பக்கூடாது? யாரு சொன்னா? சான்று எங்க? ஒண்ணும் கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் அரிச்சுது.

இது போதாதுன்னு, சில வரிக்கு முன்னாடி ஒரு இடைவெளி விட்டிருந்துச்சு. நாம ஸ்கூல்ல பத்தி ஆரம்பிக்கும்போது விரல் வச்சு இடம் விடுவோம்ல, அது மாதிரி. விக்கியில அப்படி விடக்கூடாது சார். வரி ஆரம்பத்துல ஒரே ஒரு இடம் விட்டுட்டீங்கன்னா அந்த வரி தனியாப் போய் ஒரு சாம்பல் கலர் பொட்டிக்குள்ள உக்காந்துக்கும். எழுத்தும் டைப்ரைட்டர் எழுத்தாட்டம் மாறிடும். புதுசா வர்றவன் எல்லாரும் பண்ற தப்பு. அந்தப் பக்கத்துல ஆறு பொட்டி. அதுல உச்சந்தலையில ஒரு பொட்டி:

' செவ்வாய் 5.40 இங்க வராது!
 ஆட்டுச்சந்தை வாசலுக்குப் போங்க.
 5.20க்கே போயிருங்க.'

ஒவ்வொரு வரியும் அம்புட்டுதான், ரேஷன் கடை போர்டு மாதிரி. ஆச்சரியக்குறி வேற.

பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? மூணு ராத்திரி உக்காந்தேன். அட்டவணை போட்டேன். ஊர், நேரம், நடைமேடை, வழி, நாலு பத்தி. அகரவரிசையில அடுக்கினேன். குலுங்காத சீட்டு, நல்ல மனுசன் கண்டக்டர் எல்லாத்தையும் தூக்கினேன். ஒரு கலைக்களஞ்சியத்துல கண்டக்டரோட குணத்தை எழுதலாமா? நாளைக்கு அவரு மாறிட்டா? 'நம்பாதீங்க'வை எடுத்துட்டு 'சான்று தேவை'ன்னு போட்டேன். செவ்வாக்கிழமை விஷயத்தை விடல சார், அதை மட்டும் நல்லாக் கவனிங்க, அழிக்கல. நல்ல தமிழ்ல மாத்தி, பொட்டியை உடைச்சு, அடிக்குறிப்புல வச்சேன். ஏழாம் நம்பர். விதிவிலக்குக்கு இடம் அடிக்குறிப்புதான். சேமிக்கும்போது ஏன் மாத்தினேன்னு ஒரு வரி எழுதச் சொல்லிக் கேக்கும், தொகுப்புச் சுருக்கம்னு பேரு. அதுல 'சீரமைப்பு'ன்னு எழுதினேன்.

மறுநாள் பாத்தா, பழையபடி பொட்டி.

நான் மாத்தினேன். அந்தப் பக்கத்தை மொதல்ல எழுதினவங்க பழையபடி மீளமைச்சாங்க. நான் சீரமைச்சேன். பொட்டி திரும்ப வந்துச்சு. பதினோரு தடவை சார். ஒவ்வொரு தடவையும் நான் 'சீரமைப்பு'ன்னு போடுவேன், அவங்க ஒண்ணும் போடமாட்டாங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னாடி பேசிக்கறதுக்குன்னு ஒரு பக்கம் உண்டு, உரையாடல் பக்கம். அதுல எழுதினேன்: 'வரியின் முன் இடைவெளி விட வேண்டாம். பெட்டி உருவாகிறது.' காலையில அஞ்சு மணிக்குப் பதில்: 'தெரியும் அக்கா.'

தெரியுமாம்! தெரிஞ்சா ஏன் விடணும்? 'பள்ளிப் பழக்கத்தை விக்கியில் காட்டக் கூடாது'ன்னு போட்டேன். அதுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை. அதைப் பாக்கவே தினமும் நாலரை மணியில இருந்து போனைப் பாத்துக்கிட்டு... இல்ல, சண்டைக்காகத்தான். பகல்ல தூங்கறவனுக்கு யாரு சார் பதில் சொல்லுவா? என் அண்ணன் தம்பிக்கு நான் செய்தி அனுப்பினா ராத்திரி ரெண்டு மணின்னு பாத்துட்டு, 'குடிச்சிருக்கியா'ம்பாங்க. இந்தம்மா ஒருத்திதான் வரிக்கு வரி பதில் சொன்னது.

வீட்டுல யாரா? வீட்டுக்காரி செண்பகம் திருப்பூர்ல மக வீட்டுக்குப் போயிருக்கா, பேரன் பிறந்ததைப் பாக்க. போய் மூணரை வருஷம் ஆச்சு. பேரன் இப்ப ஸ்கூலுக்குப் போறான். இன்னும் பாத்து முடியல போல. வருவா. சின்ன மனஸ்தாபம், அவ்வளவுதான். அடுப்பங்கரையில டப்பா எல்லாம் தாறுமாறாக் கிடந்துச்சு. ஒரு நாள் பகல் தூக்கத்தை விட்டுட்டு எல்லாத்தையும் அகரவரிசையில அடுக்கி, பேரு எழுதி ஒட்டினேன். உப்பு மேல் தட்டுல மொத வரிசை. அப்புறம் கடுகு, சீரகம், மிளகு, கடைசியில வெந்தயம். அவ்வளவு நேர்த்தி. அவ உசரத்துக்கு உப்பு எட்டல. ஸ்டூலைப் போட்டு எடுன்னேன். என்ன தப்பு? 'கொதிக்கும்போது கை நீட்டினா உப்பு இருக்கணுங்க, ஸ்டூல் தேடிக்கிட்டு இருக்க முடியாது'ன்னா. அதுக்குள்ள மக பிரசவம் வந்துச்சு, போயிட்டா. டப்பா அப்படியேதான் இருக்கு. நான் இப்பம் ஹோட்டல் சாப்பாடு.

அதை விடுங்க, அது வேற விஷயம். எங்க விட்டேன்? ஆங்.

ஒரு நாள் காலையில, ஆறரை மணி இருக்கும், ஜெசிந்தா சிஸ்டர் வண்டி விட வந்தாங்க. கிராம சுகாதார நர்ஸ். எட்டு வருஷமா இந்த ஸ்டாண்டுலதான் ஸ்கூட்டியை விட்டுட்டு மேலப்பாறை பஸ்ஸைப் பிடிப்பாங்க. மலையில பன்னெண்டு குடியிருப்பு அவங்க பொறுப்பு. கடைசி வரிசை, வேப்பமரத்துக்கு அடியில, அதுதான் அவங்க இடம். நான் யாரையும் அங்க விட விடமாட்டேன். அன்னைக்குக் கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு.

"அண்ணாச்சி, டோக்கனைக் குடுங்க. ராத்திரி பூரா தூக்கம் இல்ல."

"என்ன சிஸ்டர், பிரசவக் கேஸா?"

"பிரசவம்னாலும் ஒரு நேரத்துல முடிஞ்சிரும். கோமதின்னு ஒருத்தி அண்ணாச்சி."

டோக்கன் என் கையை விட்டு விழுந்துருச்சு சார்.

"நெட்டுல பஸ் டைம் எழுதுவேம்லா, மலைக்காரங்க வர போக வசதியா இருக்கட்டும்னு? அதுல வந்து உக்காந்துக்கிட்டு என்னைய படுத்துதா. நான் எழுதுற ஒவ்வொண்ணையும் கட்டம் கட்டமா வெட்டிப் போடுதா. ஒண்ணு, ரிட்டயரான தமிழ் டீச்சரா இருக்கணும். இல்ல, வீட்டுல ஒருத்தரும் பேசாத பொம்பளையா இருக்கணும்."

"டீச்சராத்தான் இருக்கும் சிஸ்டர்"னேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னுட்டு போயிட்டாங்க.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம்தான். எப்படிச் சொல்ல? தாடியும் கைலியுமா நின்னுக்கிட்டு, அந்த அக்கா நான்தான்னா? அதுக்கப்புறம் தினமும் காலையில கோமதியைப் பத்தி ஒரு புகார் வரும். நானும் சேந்து திட்டுவேன். சில நாள் அவங்களை விட நல்லாத் திட்டுவேன். "அவளுக்கெல்லாம் வேற வேலை இருக்காது சிஸ்டர்"னா, "பாவம், அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி, என்ன கஷ்டமோ"ம்பாங்க. ராத்திரியானா போய் பொட்டியை உடைப்பேன். அது தனி, இது தனி.

அப்புறம் நிர்வாகி வந்தான். ரெண்டு பேரும் மாறி மாறி மாத்துறதைப் பாத்தான். என் அட்டவணையைப் பாத்தான். அசந்துட்டான் சார். 'இதுவே முன்மாதிரிப் பக்கம்'னு எழுதி, பக்கத்தோட அமைப்பை மாத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டு, எனக்கு ஒரு பதக்கம் குடுத்தான். படம்தான், நட்சத்திரம் மாதிரி. 'சீரமைப்புச் செம்மல், சகோதரி கோமதி அவர்களுக்கு.' எனக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே பதக்கம் அது. இப்பமும் போன்ல மொதல்ல அதுதான் வரும், பாக்கறீங்களா? சரி, அப்புறமாக் காட்டுறேன்.

அவங்க அதோட மாத்துறதை விட்டுட்டாங்க. ஜெயிச்சாச்சு. ஆனா பாருங்க, ஜெயிச்ச ராத்திரிதான் ரொம்ப நீளமா இருந்துச்சு. ஹேண்டில் எல்லாம் ரெண்டு தடவை திருப்பி வச்சேன்.

இப்பம் அந்தச் செவ்வாக்கிழமைக்கு வாரேன். அஞ்சு வாரம் ஆச்சு. இதே நேரம். இதே பெஞ்சு. நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அங்கதான் அந்தப் பெரியவரு உக்காந்தாரு. தங்கப்பழம்னு பேரு. மேலப்பாறைக்குப் பக்கத்துல ஒரு குடியிருப்பு. கூட மக பொன்ராணி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு கையில ஆஸ்பத்திரி ஃபைலு, ஒரு கையில போனு. அவருக்கு மொத டயாலிசிஸ். காலு ரெண்டும் வீங்கி செருப்புக்குள்ள நுழையல, கையில வச்சிருந்தாரு செருப்பை. முந்தின நாளே மலையில இருந்து இறங்கி, சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, அஞ்சு மணிக்கே இங்க வந்து ரெண்டாம் நடைமேடையில நிக்கறாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பல. போன்ல வேற பக்கம் ஒண்ணுக்குத் தலைப்பு போட்டுக்கிட்டு இருந்தேன்.

இதே ஹாரன். பாம், பப்-பாஆம். அந்தப் பொண்ணு ஓடியாந்தா.

"அண்ணே, ஜில்லா பஸ் இன்னும் வரலையே?"

"போயிருச்சேம்மா. செவ்வாக்கிழமை சந்தை வாசல்லல்லா நிக்கும்."

"இதுல அப்படிப் போடலையே அண்ணே!"ன்னு போனை நீட்டுதா. பாத்தா, என் அட்டவணை.

நான் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு ஆட்டோவைப் பிடிச்சிருக்கணும். இல்ல, வண்டி ஒண்ணை எடுத்துக்கிட்டு ரயில்வே கேட்டுல போய் மறிச்சிருக்கணும். கேட்டு அடைச்சிருந்தா பஸ்ஸு அங்க பத்து நிமிஷம் நிக்கும். நான் என்ன பண்ணினேன்னா, அந்தப் பொண்ணுகிட்ட போனை வாங்கி, "இந்தா பாரும்மா, ஏழுன்னு ஒரு நம்பர் இருக்கு, இதைத் தொட்டா அடிக்குறிப்பு வரும், எதையும் முழுசாப் படிக்கணும்"னு விளக்கிக்கிட்டு இருந்தேன். அவ என்னையே பாத்தா சார். "எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குது அண்ணே. நான் எங்க போய்த் தொட்டுப் பாக்க?"

அவரை ஆஸ்பத்திரியில எட்டு மணிக்கு மெஷின்ல போடணுமாம். பிந்தினா அந்த மெஷின் அடுத்த ஆளுக்கு. அடுத்த பஸ்ஸு ஏழு அம்பது. கணக்குல நான் ஃபெயில்தான், ஆனா இந்தக் கணக்கு எனக்கே தெரிஞ்சுது.

டீ வாங்கிக் குடுத்தேன். தண்ணியே குடிக்கக் கூடாதாம் அவரு. டீயைக் கையில வச்சுக்கிட்டு, வேண்டாம்னு சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு, அப்படியே ஆற விட்டு உக்காந்திருந்தாரு.

அன்னைக்கு ஜெசிந்தா சிஸ்டர் நேரத்தோட, ஆறு மணிக்கே வந்தாங்க. அவருக்கு ஆஸ்பத்திரியில சொல்லி ஏற்பாடு பண்ணினதே அவங்கதானாம். ஏறிட்டாங்களான்னு பாக்கத்தான் வந்திருக்காங்க. பெஞ்சுல பாத்ததும் ஹெல்மெட்டைக் கூடக் கழட்டல. காலை அமுக்கிப் பாத்தாங்க, விரல் பள்ளம் அப்படியே நின்னுச்சு. யாருக்கோ போன் போட்டாங்க. பத்தே நிமிஷத்துல பால்வண்டி வந்துச்சு. ஜில்லா டெய்ரிக்குப் போற வண்டி. முன் சீட்டுல அவரையும் பொண்ணையும் ஏத்தி, டிரைவரைப் பிடிச்சு, "எட்டு மணிக்கு முன்னாடி சேக்கலைன்னா உன் பிள்ளைக்குத் தடுப்பூசி நான்தான் போடுவேன், ஞாபகம் வச்சுக்கோ"ன்னாங்க. வண்டி பறந்துச்சு. போய்ச் சேந்துட்டாங்க, கவலைப்படாதீங்க. பெரியவரு நல்லாருக்காரு. இப்பம் செவ்வா வெள்ளி போய் வாராரு. ரெண்டாவது சீட்டு.

வண்டி போன பிறகு சிஸ்டர் போனை எடுத்துப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்களுக்கும் அந்த ஏழு சட்டுன்னு கிடைக்கல.

"அண்ணாச்சி, நான் உச்சியில போட்டிருந்தேன். இதைக் கொண்டு போய் காலுக்கடியில போட்டது யாரு?"

நான் சொன்னேன்: "அந்தக் கோமதியாத்தான் இருக்கும் சிஸ்டர்."

பொய்யா சார் அது? யோசிச்சுப் பாருங்க. ஒரு வார்த்தை பொய் இல்ல. கோமதிதான் போட்டது.

"அவ மட்டும் என் கண்ணு முன்னால வந்தான்னா"ன்னு ஆரம்பிச்சாங்க. முடிக்கல. டோக்கனை வாங்கிட்டு, மேலப்பாறை பஸ்ஸுக்கு நேரமிருந்தும் நடந்து போய் ரோட்டு முனையில நின்னுக்கிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி உரையாடல் பக்கத்துல எழுதியிருந்தாங்க. திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன். தயாரா இருந்தேன், பதிலைக் கூட முன்னாடியே எழுதி வச்சிருந்தேன். இருங்க, காட்டுறேன், இதை மட்டும் படம் பிடிச்சு வச்சிருக்கேன். 'கோமதி அக்கா, பக்கம் அழகா இருக்கு, இனி நீங்களே பாத்துக்கோங்க. ஒண்ணு மட்டும் சொல்லணும். அந்தப் பொட்டி தெரியாம வந்ததுன்னு நினைச்சுட்டீங்க. வேணும்னுதான் இடம் விட்டேன். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றவங்க எல்லாத்தையும் படிக்க மாட்டாங்க, கண்ணு பொட்டியிலதான் விழும். போன்ல வெட்டுப்படக் கூடாதுன்னுதான் சின்னச் சின்ன வரியா எழுதினேன். வேற ஒண்ணும் இல்ல. உடம்பைப் பாத்துக்கோங்க, தினமும் ரெண்டு மணி வரைக்கும் முழிக்கிறீங்க.'

அதோட சரி. அப்புறம் ஒரு வரி எழுதல. காலையில வண்டி விடுறாங்க, டோக்கன் வாங்குறாங்க, "வாரேன் அண்ணாச்சி"ம்பாங்க. கோமதியைப் பத்திப் புகார் கூட இல்ல.

நீங்க கேக்கறது புரியுது. அஞ்சு வாரமா ஏன் மாத்தலைன்னுதான? அப்படி எடுத்தேன் கவுத்தேன்னு பண்ண முடியுமா சார்? ஏழாம் அடிக்குறிப்பை மேல கொண்டு வந்தா மத்த ஆறும் என்னன்னு கேக்காதா? முன்மாதிரிப் பக்கம் அது. பதக்கம் வாங்கின பக்கம். அதுக்கு நடுவுல நாலு செவ்வா போச்சு. போன வாரம் பரிட்சைக்குப் போற பிள்ளைங்க ரெண்டு. அதுக்கு முந்தி ஒருத்தரு, என்ன விஷயம்னு கேக்கல, கேக்கற மாதிரி முகம் இல்ல. இன்னைக்கு நீங்க. ஆனா ஒண்ணு, ஏழுன்னு காட்டினேன், நீங்க தொட்டுப் படிச்சீங்க. திட்டல. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க"ன்னீங்க. அதுக்கு நீங்க திட்டியே இருக்கலாம்.

இங்க வாங்க. கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க, வெளிச்சம் படட்டும்.

'வரலாறு'ன்னு இருக்குல்ல, இதைத் தொட்டா பழசெல்லாம் வரும். விக்கியில எதுவும் சாகாது சார். அழிச்சதும் இருக்கும், அழிச்சவன் பேரும் இருக்கும். இந்தா, பதினோரு கோமதி. சீரமைப்பு, சீரமைப்பு, சீரமைப்பு. எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கேன் பாருங்க. இதுக்கும் கீழ, இந்தா, அவங்களோட மொத எழுத்து. இதை அப்படியே எடுக்கறேன். இப்பம் 'தொகு'. உச்சந்தலை. அட்டவணைக்கும் மேல, தலைப்புக்கும் மேல. மொதல்ல ஒரு இடம்.

அடிச்சிட்டேன். விரல் அழுத்தவே மாட்டேன்னுச்சு சார், ஒரு இடம் விடறதுக்கு. இந்தக் கட்டைவிரல் ஒரு வருஷமா இந்த இடத்தைத் தேடித் தேடி அழிச்சிருக்கு.

'செவ்வாய் 5.40 இங்க வராது!' ஆச்சரியக்குறி இருக்கட்டும். ஒரு இடம். 'ஆட்டுச்சந்தை வாசலுக்குப் போங்க.' ஒரு இடம். '5.20க்கே போயிருங்க.' ரெண்டாவது சீட்டையும் போட்டுரவா? போட்டுருவோம். நல்ல மனுசன் கண்டக்டரு? அவரு மாறலையே, இன்னும் நல்ல மனுசனாத்தான் இருக்காரு. போட்டாச்சு. ஒன்பதே காலு... அதை நம்பவே கூடாது சார், அவங்க சொன்னது சரிதான். வாரத்துல ரெண்டு நாள்தான் வரும்.

முன்னோட்டம் பாருங்க. சாம்பல் பொட்டி. எவ்வளவு அசிங்கமா இருக்கு பாத்தீங்களா? எங்க, போனை ஒரு கை தூரத்துல பிடிச்சுப் பாருங்க. கண்ணாடியைக் கழட்டுங்க. இப்பம் எது தெரியுது?

ம். எனக்கும் அதுதான் தெரியுது.

இப்பம் சுருக்கம் கேக்குது. என்ன மாத்தினேன்னு ஒரு வரி. வழக்கம்போல 'சீரமைப்பு'ன்னு போட்டா முடிஞ்சிது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா பக்கத்துல மாத்தம் வந்தா அவங்க போனுக்குச் செய்தி போகும், அந்த வரியோட. இன்னும் அந்த மணியை அவங்க அணைச்சு வைக்கல, எனக்குத் தெரியும். காலையில டோக்கன் வாங்கும்போது வேற எந்தப் பக்கமாவது மாறினா 'டிங்'னு கேக்கும்.

என்ன எழுத? 'மன்னிக்கவும்'னா மன்னிப்பு யாருக்குன்னு கேப்பாங்க. நீளமா எழுத இடமும் இல்ல. இருங்க... 'கோமதி நான்தான் சிஸ்டர். டூவீலர் ஸ்டாண்டு.' போதும்ல? புள்ளி வச்சிருக்கேன், அது தப்பில்லையே. சேமிச்சா சேமிச்சதுதான். அப்புறம் நான் அழிச்சாலும், அழிச்சான்னு ஒரு வரி நிக்கும்.

பதக்கம் போயிரும். போகட்டும். சகோதரி கோமதிக்குத்தான குடுத்தான்.

அமுக்கிட்டேன். சுத்துது. இந்த மூலையில சிக்னல் எப்பவுமே இழுக்கும். சுத்துது... போயிருச்சு.

ஷ்... கேக்குதா? டடடட... டங். அதோ இன்னொரு டங். ஸ்கூட்டி சைடு ஸ்டாண்டுல ஸ்பிரிங் போயிருச்சு, எத்தனை தடவை சொன்னேன், மாத்துங்க சிஸ்டர்னு. ஆறரை ஆகப் போகுதுல்ல, தண்ணித் தொட்டி திருப்பம் வந்தாச்சு. இன்னும் ஒரு குழி, அப்புறம் நம்ம கேட்டு.

நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கோங்க சார். ஃபைலைப் படிக்கிற மாதிரி இருங்க. நான் சொன்னதா ஒண்ணும் காட்டிக்காதீங்க. இன்னைக்குப் பனி ஜாஸ்தி. அந்தத் துணியை இப்படிக் குடுங்க, வேப்பமரத்து வரிசையில இன்னும் பதினாலு சீட்டு துடைக்கணும்.